சைக்கிள் டயர் அகலம்: எந்தத் தரைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

டயர் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். பழைய அளவையே போடுவதா, கொஞ்சம் அகலமாகப் போவதா? ஒருவர் "ஒல்லி டயர்தான் வேகம்" என்பார். அடுத்தவர் "அகலமா போடுங்க, உடம்பு வலிக்காது" என்பார். கேட்கிறவருக்கு இரண்டுமே சரியாகத்தான் படும், குழப்பம் மட்டும் தீராது. அவர் போகும் பாதையோ பாதி நல்ல தார்ச்சாலை, கால்வாசி பெயர்ந்த சாலை, மீதி மண்ணும் சரளையும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடிக்கடி போகும் பாதையில் மோசமான பகுதி எதுவோ, அதைப் பார்த்து அகலத்தைத் தீர்மானியுங்கள். அகல டயரால் நல்ல சாலையில் இழக்கும் வேகம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஒல்லி டயரால் மோசமான சாலையில் இழப்பது நினைப்பதைவிட அதிகம். ஆனால் அது அடிக்கடி போகும் பாதையாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஏறும் மலைப்பாதைக்காகத் தினமும் கனமான டயரை உருட்ட வேண்டியதில்லை.

## டயர்மேல் உள்ள எண்கள்

டயரின் பக்கவாட்டில் 28-622, 40-622, 54-559 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், மி.மீ. கணக்கில். இரண்டாவது எண் ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம். இந்த இரண்டாவது எண் உங்கள் ரிம்மோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் முதல் எண்ணில் மட்டும்தான்.

700சி என்பதும் 29 அங்குலம் என்பதும் ஒரே 622தான். 27.5 அங்குலமும் 650பி-யும் 584. ஏமாற்றுவது 26 அங்குலம்: 26 × 1.95 என்றால் 559, 26 × 1 3/8 என்றால் 590. இரண்டும் "26" என்றுதான் விற்கும், ஒன்று மற்றதன் ரிம்மில் உட்காராது. ஆகவே அங்குலக் கணக்கை விட்டுவிட்டு, இந்த மி.மீ. எண்ணைச் சொல்லியே டயர் வாங்குங்கள்.

இன்னொன்று, அச்சிட்ட அகலமும் உண்மையான அகலமும் ஒன்றல்ல. ரிம்மின் உள் அகலம் கூடக்கூட டயரும் விரியும். அகலமான நவீன ரிம்மில் 28 என்று போட்ட டயர் 30-ஐத் தொடுவது சகஜம். ஃபிரேமில் இடம் மட்டுமட்டாக இருந்தால் இந்த இரண்டு மி.மீ. கூடப் பிரச்சினை ஆகும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

இடம். ஃபோர்க், சங்கிலிப் பக்கத்துக் குழாய்கள், பிரேக் ஆகிய மூன்றில் எது குறுகலோ, அதுதான் உங்கள் உச்சவரம்பு. டயருக்கு இரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி வேண்டும். சேறு, ஈரமண் உண்டு என்றால் 6 மி.மீ. தேவை. ஒட்டிய சிறு கல்கூட ஃபிரேமின் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடும்; கார்பன் ஃபிரேமில் அதற்கு மேலும் போகும். ரேஸ் சைக்கிளின் பழைய கேலிபர் பிரேக் (மேலிருந்து டயரைச் சுற்றி வந்து ரிம்மைக் கவ்வும் வகை) பெரும்பாலும் 25 அல்லது 28-ஓடு நின்றுவிடும். வி-பிரேக், டிஸ்க் பிரேக் என்றால் தடை ஃபிரேம்தான்.

உருளும் எதிர்ப்பு. இதில்தான் அதிகக் குழப்பம், கொஞ்சம் நின்று பார்ப்போம். டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, அந்த இடம் மேலே போனதும் மறுபடி உருண்டையாகிறது. ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலிழை அடுக்கும் இப்படி வளைந்து நிமிரும்போது கொஞ்சம் சக்தி வெப்பமாகிப் போய்விடுகிறது. தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய எடையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது. அழுத்தம் சமமாக இருந்தால் ஒல்லி டயருக்கும் அகல டயருக்கும் அந்தப் பரப்பும் சமம். ஒல்லி டயரில் அது நீளமாகவும் ஒடுக்கமாகவும் விழுகிறது, அகல டயரில் குட்டையாகவும் பரந்தும் விழுகிறது. நீளமாக விழ வேண்டுமென்றால் டயர் அதிகம் அமுங்கியாக வேண்டும். எனவே ஒரே அழுத்தத்தில் அகல டயர்தான் சுலபமாக உருளும்.

ஆனால் அகல டயரில் ஒல்லி டயரின் அழுத்தத்தை யாரும் அடிப்பதில்லை, அடிக்கவும் கூடாது. டயரின் துணி அடுக்கை இழுக்கும் விசை, அழுத்தத்தையும் டயரின் ஆரத்தையும் பெருக்கியது போல ஏறும். 25 மி.மீ. டயர் தாங்கும் 90 பி.எஸ்.ஐ.-யை (பம்பின் மீட்டர் காட்டும் காற்றழுத்த அலகு) 50 மி.மீ. டயரில் அடித்தால் துணிக்கும் ரிம்முக்கும் இரட்டிப்பு இழுவிசை. அழுத்தத்தைக் குறைத்ததும் வழவழப்பான தரையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமநிலைக்கு வந்துவிடும்.

வித்தியாசம் வருவது கரடுமுரடான தரையில். இறுக்கமான டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கான சக்தியும் உங்கள் காலிலிருந்துதான் வருகிறது. பாதி கைகளிலும் முதுகிலும் அதிர்வாக முடிகிறது. மென்மையான டயர் அந்த மேட்டைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு முன்னே போகும். நிஜச் சாலையில் ஓர் அளவுக்கு மேல் காற்றடித்தால் வண்டி மெதுவாகிறது என்பதற்குக் காரணம் இதுதான். பல்லாண்டு 23 மி.மீ. ஓட்டிய தொழில்முறை சாலைப் பந்தய வீரர்கள் இன்று 28, 30 என்று ஓட்டுவதும் சொகுசுக்காக அல்ல, வேகத்துக்காக.

டயரின் தரம். அகலத்தைவிட இது பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய நூலிழையும் வளையும் பக்கச்சுவரும் கொண்ட 38 மி.மீ. டயர் 400 கிராம் அளவில் இருக்கும், சுலபமாக உருளும். பஞ்சர் ஆகாதிருக்கத் தடித்த ரப்பர் பட்டை வைத்த 37 மி.மீ. டயர் 900 கிராமைத் தொடும், மிதிக்க மிதிக்க இழுக்கும். இப்படிப்பட்ட கனமான டயரை ஓட்டிவிட்டு "அகல டயர் என்றாலே மந்தம்" என்ற முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. மந்தம் அகலத்தால் வந்ததல்ல.

பிடிப்பு. ஈரத் தார்ச்சாலைக்குப் பட்டன் (துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) வைத்த டயர் வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கார் டயர் தண்ணீர்மேல் மிதப்பதுபோல சைக்கிள் டயர் மிதப்பதில்லை. விமான டயர்களுக்குப் போடும் கணக்கைப் போட்டால், 60 பி.எஸ்.ஐ.-யில் மணிக்கு 100 கி.மீ.-க்கும் மேல் போனால்தான் அது நடக்கும். கெட்டித் தரையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தன்மையும் சரியான அழுத்தமும். பட்டன்கள் பயன்படுவது அவை குத்தி இறங்கக்கூடிய மண்ணிலும் சேற்றிலும்தான்.

காற்றுத் தடை. மணிக்கு 30 கி.மீ.-க்கு மேல் நெடுநேரம் போகிறவருக்கு இது கணக்கில் வரும். ரிம்மின் வெளி அகலம் டயரைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் காற்று ஒழுங்காக வழுக்கிப் போகும். டயர் ரிம்மைத் தாண்டிப் பிதுங்கினால் தடை கூடும். மணிக்கு 18, 20 கி.மீ.-யில் வேலைக்குப் போகிறவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

பஞ்சரும் சுமையும். பள்ளத்தில் விழும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழுமே, அந்த வகைப் பஞ்சர் அகலம் கூடக்கூடக் குறையும். ஆணி, கண்ணாடித் துண்டு, முள் ஆகியவற்றுக்கு அகலம் பதில் அல்ல. அதற்குப் பாதுகாப்புப் பட்டையோ, டியூப் இல்லாத (டியூப்லெஸ்) டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவமோதான் வேண்டும். பின்னால் மூட்டை கட்டுகிறவரும் உடல் எடை கூடியவரும் மற்றவர்களுக்குச் சொல்லும் அகலத்தைவிட ஒரு படி மேலே போவது நல்லது.

## ஒரே பார்வையில்

கீழே உள்ள அழுத்தங்கள் 75 கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட பின்சக்கர டயரில் தொடங்கிப் பார்ப்பதற்கானவை. முன் டயரில் சுமார் 10 சதவீதம் குறைக்கலாம். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவு எதுவோ அதைத் தாண்டக் கூடாது.

| அகலம் (மி.மீ.) | தொடக்க அழுத்தம் (பி.எஸ்.ஐ.) | பொருந்தும் தரை | சிரமப்படும் இடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| 25 | 90 | வழவழப்பான தார் | பள்ளம், சரளை | அடிக்கடி காற்று, ரிம் அடி |
| 28–32 | 78–62 | நல்லதும் சுமாருமான தார் | தளர்ந்த சரளை, மணல் | பிரேக்கில் இடம் |
| 35–40 | 52–43 | பெயர்ந்த சாலை, கெட்டி மண், சிறு சரளை | வேர், பெருங்கல் | மட்கார்டு, டியூப் அளவு |
| 42–50 | 40–30 | சரளை, கரடான மண் சாலை | வேகக் கூட்டத்தோடு தார்ச்சாலை ஓட்டம் | ஃபிரேமில் இடம், சீலன்ட் |
| 54–61 | 28–22 | வேர், கல், மலைப்பாதை | நீண்ட தார்ச்சாலை | எடை, அகல ரிம் |

## 25 மி.மீ.

சாலை உண்மையிலேயே வழவழப்பாக இருந்து, உடல் எடையும் குறைவாக இருந்து, வேகக் கூட்டத்தோடு ஓட்டுகிறீர்கள் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய ரேஸ் சைக்கிளில் இதற்கு மேல் நுழையாது என்றால் வேறு வழியும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு நேரம். கொள்ளும் காற்று குறைவு, அழுத்தம் அதிகம் என்பதால் சீக்கிரம் இறங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது பம்பை எடுக்க வேண்டும். சோம்பலில் விட்டால் அடுத்த பள்ளத்தில் டியூப் போகும், சில நேரம் ரிம்மும் வளையும். ஹூக்லெஸ் ரிம் (டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி போன்ற மடிப்பு இல்லாதது) வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் உச்ச அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. சராசரி எடைக்காரருக்கு 25 மி.மீ. டயரில் அது போதாது. 28 நுழையும் சைக்கிளில் 25-ஐத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

## 28 முதல் 32 மி.மீ. வரை

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிற பெரும்பாலோருக்கு இதுதான் சரியான இடம். ஒட்டுப்போட்ட சாலை, பாலத்தின் இணைப்பு இடுக்கு, அங்கங்கே சிதறிய ஜல்லி எல்லாவற்றையும் 32 அலட்டாமல் கடந்துவிடும். 25-லிருந்து 32-க்கு மாறுகிறவர் முதலில் உணர்வது, நீண்ட ஓட்டத்தின் கடைசியில் உள்ளங்கை மரத்துப்போகாததை. வேகம் குறைந்ததாகத் தோன்றலாம். அதிர்வையே வேகம் என்று பழகிய உடம்புக்கு அப்படித்தான் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

28-ஆ, 32-ஆ என்றால், 60 கிலோவுக்குக் கீழே, நல்ல சாலை, கேலிபர் பிரேக் என்பவருக்கு 28. மற்ற எல்லாருக்கும் 32. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இதில் தயக்கமே வேண்டாம். பத்து மணி நேரம் சேணத்தில் இருக்கும்போது களைப்பைத் தள்ளிப்போடும் எதுவும் வேகம்தான்.

செலவு பிரேக்கில். சில கேலிபர் பிரேக்குகளில் 30 மி.மீ. சக்கரம் சுற்றும், ஆனால் காற்றடித்த நிலையில் கழற்றி மாட்ட முடியாது. வழியில் பஞ்சர் ஆனால் ஒவ்வொரு முறையும் காற்றை இறக்கி மாட்டி மறுபடி அடிக்க வேண்டும். தவிர மட்கார்டும் போட வேண்டுமென்றால் பல சைக்கிள்களில் 28-ஓடு நிற்கும்.

## 35 முதல் 40 மி.மீ. வரை

தினமும் வேலைக்குப் போகிறவர், மூட்டை கட்டிப் பயணம் போகிறவர், தார் முடிந்து மண் தொடங்கும் பாதையில் ஓட்டுகிறவர் என எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் 38 என்பேன். தொடக்கத்தில் சொன்ன குழப்பக்காரருக்கும் இதுதான். வழியில் எதிர்பாராத பள்ளம் வந்தாலும் கை தடுமாறாது, தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்க நேர்ந்தாலும் ஒல்லி டயர் அளவுக்கு இடுக்கில் சிக்காது, சுமை ஏறினாலும் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

இந்த அகலத்தில்தான் தரம் அதிகம் வேறுபடுகிறது. ஒரே 38-இல் இழுவை டயரும் உண்டு, பறக்கும் டயரும் உண்டு. வழியில் முள்ளும் கண்ணாடியும் நிறைய என்றால் கனமான பாதுகாப்பு டயரின் இழுவையை ஏற்றுக்கொள்வது நியாயம்; தாமதமாகப் போய்ச்சேர முடியாத வேலை என்றால் இன்னும் நியாயம். அப்படி இல்லையென்றால் பாதுகாப்புப் பட்டை மெல்லியதாக உள்ளதை வாங்குங்கள். நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு பட்டன்களும் உள்ள வகை, தாரும் மண்ணும் கலந்த பாதைக்கு நல்ல சமரசம்.

செலவுகள் சின்னச் சின்னதாக வந்து சேரும். 25-க்கு வாங்கிய டியூபை இதில் போட்டால் மெலிந்து நீளும், சீக்கிரம் பஞ்சர் ஆகும். மட்கார்டு டயரைவிடச் சுமார் 10 மி.மீ. அகலமாக வேண்டும். சக்கரத்தின் சுற்றளவும் மாறுகிறது: 25-622-இல் சுமார் 2105 மி.மீ., 40-622-இல் சுமார் 2200 மி.மீ. வேகமானியில் இதை மாற்றாவிட்டால் தூரத்தை நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும். கியரும் அதே அளவுக்குக் கனமாகும், ஏற்றத்தில் தெரியும். சின்ன ஃபிரேமில் திரும்பும்போது கால் நுனி முன் டயரில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

## 42 முதல் 50 மி.மீ. வரை

சரளை பெரிதாகி, மண் சாலையே பிரதானமாகி, தார் நடுவில் வந்துபோகும் பாதைக்கு இது. தளர்ந்த சரளையில் 38 அங்குமிங்கும் அலையும் இடத்தில் 45 நேர்க்கோட்டில் போகும். இறக்கத்தில் இந்த வித்தியாசம் பயத்துக்கும் நிம்மதிக்கும் இடையிலான வித்தியாசம்.

டியூப்லெஸ் முறையின் பலன் முழுமையாகத் தெரிவதும் இங்கேதான். டியூபே இல்லாததால் அது நசுங்கும் பஞ்சர் கிடையாது, அழுத்தத்தை இன்னும் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. இறக்கலாம், சின்ன ஓட்டைகளைச் சீலன்ட் தானே அடைத்துவிடும். பதிலுக்கு அந்தத் திரவம் காய்ந்துபோகும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஊற்றியாக வேண்டும், வெயில் அதிகமென்றால் இன்னும் சீக்கிரம். சைக்கிளை மாதக்கணக்கில் ஓரமாக நிறுத்தி வைப்பவருக்கு டியூபே மேல்.

சேற்றில் மட்டும் அகலம் எதிர்பாராத விதத்தில் பாதகம் ஆகலாம். ஒட்டும் சேறு அகல டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். சேற்றிலேயே நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் சர்வதேச விதி 33 மி.மீ.-க்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்த டயர்கள் மேலாகக் கிடக்கும் சேற்றைக் கிழித்து அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொடுகின்றன. மழைக்காலம் முழுக்க ஒட்டும் மண்ணில் ஓட்டுகிறவர் 50-ஐவிட 40-ஐயும், பட்டன்கள் தள்ளித் தள்ளி வைத்த டயரையும் யோசிக்கலாம். மணல் இதற்கு நேர் எதிர். அங்கே அகலமும் குறைந்த அழுத்தமும்தான் மிதக்க வைக்கும்.

## 54 முதல் 61 மி.மீ. வரை

மலைப்பாதை சைக்கிளின் 2.1 முதல் 2.4 அங்குல டயர்கள் இவை. வேர், படிபோன்ற கல், செங்குத்து இறக்கம் என்றால் இதைவிட ஒல்லியாக யோசிக்காதீர்கள். ரிம்மின் உள் அகலம் 25 முதல் 30 மி.மீ. வரை இருக்க வேண்டும். குறுகிய ரிம்மில் குறைந்த அழுத்தத்தோடு ஓட்டினால் வளைவில் டயர் பக்கவாட்டில் சரியும்.

மலைப்பாதை சைக்கிள் வைத்துக்கொண்டு முழுக்கத் தார்ச்சாலையில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் புதுச் சைக்கிள் தேவையில்லை. பட்டன் டயரைக் கழற்றிவிட்டு அதே ரிம்மில், ரிம்மின் உள் அகலம் அனுமதித்தால், 40 முதல் 50 மி.மீ. வழவழப்பு டயரைப் போட்டாலே வண்டி வேறு வண்டி ஆகிவிடும். ஒரே டயர் மாற்றத்தில் இவ்வளவு பலன் கிடைக்கும் இடம் வேறில்லை.

நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட டயர்கள் பனிக்கும் தளர்மணலுக்கும். அவற்றுக்கென்றே செய்த ஃபிரேம் வேண்டும் என்பதால் இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

## இரண்டு செட் சக்கரம்

டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 28-622 டயரின் மொத்த விட்டம் 678 மி.மீ. 47-584-இன் விட்டமும் அதே 678. ஃபிரேமில் 47 மி.மீ.-க்கு இடம் இருந்தால், தார்ச்சாலைக்கு ஒரு செட், சரளைக்கு ஒரு செட் என்று மாற்றிக்கொள்ளலாம். சைக்கிளின் உயரமும் நடத்தையும் மாறாது, வேகமானியையும் தொட வேண்டாம். செலவு டயரோடு முடியாது என்பதைக் கணக்கில் வையுங்கள்: இரண்டாவது செட்டுக்கு டிஸ்க் தட்டும் பின் பல்சக்கரமும் தனியாக வேண்டும், இரண்டு பல்சக்கரமும் சமமாகத் தேயாவிட்டால் சங்கிலி ஒன்றில் தாண்டும். வாரம் ஒருமுறையாவது மாற்றுவீர்கள் என்றால்தான் இது பொருத்தம். மற்றவர்கள் 38-ஐப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

## மாட்டியபின் முதல் வாரம்

அகலத்தை மாற்றிவிட்டுப் பழைய அழுத்தத்தையே அடித்தால் மாற்றியதன் பலன் பாதி வீண். பிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் வகுத்த ஓர் அளவுகோல் தொடங்க உதவும்: நீங்கள் உட்காரும்போது டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 40 மி.மீ. டயர் என்றால் சுமார் 6 மி.மீ. அட்டவணையில் உள்ள அழுத்தத்தில் தொடங்கி, வழக்கமான பாதையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 3 பி.எஸ்.ஐ. இறக்கிப் பாருங்கள். பள்ளத்தில் ரிம் தட்டும் சத்தம் கேட்டாலோ, வளைவில் டயர் நெளிவது கையில் தெரிந்தாலோ, அதற்கு முந்தைய அளவே உங்களுடையது. ஒரு பம்பின் மீட்டர் காட்டும் எண்ணும் மற்றொன்று காட்டுவதும் ஒத்துப்போகாது என்பதால், இந்தச் சோதனை முழுவதையும் ஒரே பம்பில் செய்யுங்கள்.